நாள் குறிக்காத நேர்த்திக்கடன்

1

வெள்ளிக்கிழமை கப்பல். இன்று திங்கள்.

பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து கிடந்து நம் ஊர்ப்பக்கத்து ஜனங்களுக்கு இதை எழுதுகிறேன். மார்பில் சிலேட்டு. இதில் நான் எழுதுவதைச் சாயங்காலம் என் மகள் பேச்சி வந்து காகிதத்தில் பெயர்த்து எழுதுவாள். பத்து வயது. இங்கேயே பிறந்தவள், நம் கம்பம் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. வல்லின றகரம் வர வேண்டிய இடத்தில் இடையின ரகரம் வந்திருந்தால் பெரிய மனசு பண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

என் இடது கால் ஒரு சாய்வுப் பலகைமேல் இருக்கிறது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை பிசின் துணி. அதில் ஒரு கயிறு. கயிறு கட்டிலின் கால்மாட்டில் உள்ள உருளைமேல் ஓடி, நுனியில் மணல் மூட்டையைத் தாங்கித் தொங்குகிறது. தொடையில் முறிந்த எலும்பை அந்த மூட்டை இரவும் பகலும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் கமலைக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே கிணறும் நான், மாடும் நான்.

பத்து வாரம் இப்படிக் கிடக்க வேண்டும் என்கிறார் வெள்ளைக்கார டாக்டர் துரை. ஐந்து வாரம் முடிந்திருக்கிறது. நாகப்பட்டினம் போகிற வெள்ளிக்கிழமைக் கப்பலில் எனக்கும் மனைவி வெள்ளையம்மாளுக்கும் பேச்சிக்கும் முன்பே இடம் சொல்லி வைத்தாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து ரயில், அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டுவண்டி, பெரியகுளம், தேனி, அப்புறம் வீரபாண்டி. சித்திரைக் கடைசிச் செவ்வாய்க்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு கௌமாரியம்மன் திருவிழா. நான் வேலை பார்க்கிற சரக்குக் கிட்டங்கியின் முதலாளியிடம் லீவு வாங்கவே மூன்று மாதம் நடந்தேன். நடந்தேன் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மணல் மூட்டைக் கயிறு கைக்கு எட்டாது. கைத்தடியை நீட்டினால் எட்டும். நேற்றே நீட்டிப் பார்த்துவிட்டேன்.

2

சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். வீரபாண்டிக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊர். அங்கே பொதிமாடு வைத்திருந்தோம். உப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கம்பம், கூடலூர் தாண்டி மலை ஏறுவது, மிளகும் ஏலமும் ஏற்றிக்கொண்டு இறங்குவது. மலைக்கு அந்தப் பக்கம் பேசுகிற மலையாளமும் ஏறி இறங்கியே கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்த மறுநாளே கால் ஏறச் சொல்லும். மாடுகள் களைத்துப்போகும், எனக்குக் களைக்காது. மேகம் தரைக்கு வந்து மாட்டின் கொம்பை நக்கிவிட்டுப் போகிற அந்தப் பாதையில், மணிச்சத்தத்துக்கு முன்னால் நான் போய்க்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் ஒரு பங்குனியில், கோடைமழை நனைத்த பாறையில், எங்கள் மயிலை மாடு வழுக்கிப் பொதியோடு என் தொடைமேல் விழுந்தது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. எழுந்து நின்று என்னைப் பார்த்தது.

வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் கீழே கொண்டுவந்தார்கள். பழனிசெட்டிபட்டியிலிருந்து கருப்பாயி வந்தாள். மாட்டுக்கும் மனிதனுக்கும் எலும்பு ஒட்டக் கட்டுப் போடுகிறவள். இரண்டுக்கும் அதே மூங்கில் பத்தை, அதே உளுந்தமாவு, அதே முட்டை வெள்ளை. இரண்டு பேரை விட்டுக் காலை இழுக்கச் சொல்லி, விரலால் தடவித் தடவி எலும்பை எலும்போடு பொருத்தினாள். கட்டு முடிகிற வரை நான் கத்தியதை அவள் காதில் வாங்கவே இல்லை.

"எத்தனை நாளுக்கா?" என்றேன், மூச்சு வந்ததும்.

"ஆடி பொறக்கட்டும்."

"ஆடியா! இப்பத்தான பங்குனி!"

"ஏலே, நேத்து ஒரு காளைக்குக் கட்டிட்டு வந்தேன். இப்படிக் கேள்வி கேட்டுச்சா அது? வைக்கோலு இருந்தாத் தின்னுச்சு, தின்னு முடிச்சு அசை போட்டுச்சு. ஒனக்கு அசை போட ஒண்ணுமே இல்லையா?"

பக்கத்தில் நின்ற வெள்ளையம்மாளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது.

வலி இறங்குவதற்குள்ளே நான் கௌமாரிக்கு நேர்ந்துகொண்டேன். கால் சரியானால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று ஊரில் எல்லாரும் நேர்வதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'இந்தச் சித்திரைக்கே எடுக்கிறேன் ஆத்தா' என்று சேர்த்தேன். யாரும் செய்யாததைச் செய்தேன். அம்மனுக்கு நாள் குறித்தேன்.

3

அந்த நாள் எட்டாவது வாரத்தில் வந்தது.

பூசாரி வீடு தேடி வந்து சொன்னார். "அடுத்த வருசம் எடுப்பா. ஆத்தா எங்க போயிரப் போறா? அங்கனயேதான் இருப்பா." வெள்ளையம்மாள் வாசல்படியில் நின்று நான் அரிவாளை எடுப்பதைப் பார்த்தாள். கட்டை நானே அறுத்தேன். உள்ளே கால் வெளுத்து, மெலிந்து, யாருடைய காலோ போலக் கிடந்தது. ஊன்றிப் பார்த்தேன், நின்றது. நின்றதும் கர்வம் வந்துவிட்டது.

முல்லையாற்றில் முங்கினேன். மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை வைத்து, கங்கு நிறைந்த சட்டியைக் கையில் வாங்கினேன். கொட்டுச் சத்தம் வயிற்றுக்குள் அடித்தது. கூட்டம் தள்ளியது. கோவிலுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது தொடைக்குள் ஏதோ மெல்ல நகர்ந்தது. ஈரமண்ணில் குத்திய முளை சாய்வது போல. சட்டியை விடவில்லை. உடம்பு நடுங்கியது, பல் கிட்டியது, வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ஜனங்கள் குலவையிட்டார்கள்.

"அருளு வந்திருச்சு! வழி விடுங்கப்பா, வழி விடுங்க!" என்று ஒதுங்கினார்கள். மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றினார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை என் முன்னால் கிடத்தி, தாண்டிப் போகச் சொன்னாள். அந்தப் பிள்ளையை நான் எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. வலியை அருள் என்று கும்பிட்ட அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்திதான் நான் ஒரு பக்கம் மட்டும் நடுங்குகிறேன் என்று பார்த்தாள். "ஐயோ, அது அருளு இல்ல! காலு! அவுகளப் பிடிங்க!" என்று வெள்ளையம்மாள் கத்தினாள். கொட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. விழுந்தும் நடந்தேன்.

அதற்குப் பிறகு எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொண்டது. இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. கருப்பாயி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று இருந்தேன், திட்டவில்லை.

"மறுபடி ஒடிச்சுத்தான் கட்டணும். இன்னொரு நாலு மாசம் கெடக்கணும். கெடப்பியா?"

"முடியாதுக்கா."

"தெரியும். கேட்டு வச்சேன்." மூங்கில் பத்தைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மன் என்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. படுத்திருக்க முடியாதவன் எழுந்திருக்க ஒரு சாக்குத் தேடினான். அவன் கைக்கு எட்டிய பெரிய சாக்கு அவள்.

4

மாடுகள் மலை ஏறுகிற வேகத்துக்கு என்னால் ஏற முடியவில்லை. கூட வந்தவர்கள் எனக்காக நின்று நின்று போனார்கள். அந்த நிற்றலை என்னால் தாங்க முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் பினாங்குக் கிட்டங்கி ஒன்றில் மூட்டை எண்ணி எழுதுகிற வேலை கிடைத்தது. கப்பலேறும் முன் துறைமுக ஆபீசில் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் கேட்டு எழுதிய குமாஸ்தா, "அங்க அடையாளம்?" என்று தலை நிமிர்ந்தார். மச்சம், தழும்பு ஏதாவது காட்டலாம் என்று நான் சட்டையைக் கழற்றுவதற்குள், "வேண்டாம், வேண்டாம், நீ உள்ளே வந்தபோதே பார்த்துவிட்டேன்" என்று எழுதிக்கொண்டார். 'இடது கால் குட்டை. விந்தி நடப்பவர்.' அந்தக் காகிதம்தான் இந்த நாட்டில் நான் யார் என்பதற்கு அத்தாட்சி.

இங்கே ஒரு சீனர் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறோம். மரப்படிகள், பதினாறு. ஒவ்வொரு வருஷமும் என் இடது செருப்பில் வெள்ளையம்மாள் தோல்மேல் தோல் வைத்துத் தைத்துத் தருவாள். இரண்டு விரற்கடை உயரம். அந்தச் செருப்போடு நான் படியேறினால் ஒரு அடி கனமாகவும் ஒரு அடி லேசாகவும் கேட்கும். பேச்சி தவழ்கிற காலத்திலேயே அந்தச் சத்தத்துக்குக் கதவை நோக்கித் திரும்புவாளாம்.

அவளுடைய நாக்கில் இரண்டு வீடு இருக்கிறது. எங்களிடம் தமிழ், மற்ற எல்லாரிடமும் மலாய். அதிலும் எங்களுக்கான வீடு வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டு வருகிறது. பொறுமை என்று சொல்ல வராது, 'சாபார்' என்பாள். படியில் தெரியாத காலடி கேட்டால் உள்ளே இருந்தபடியே "சியாப்பா?" என்று குரல் கொடுப்பாள். யார் என்று அர்த்தம். பால்காரர், வாடகை வாங்க வருகிறவர், முகவரி தவறி ஏறி வருகிறவர், எல்லாருக்கும் அந்த 'சியாப்பா'தான். எனக்கும் அவள் அம்மாவுக்கும் அந்தக் கேள்வி வந்ததில்லை. எங்கள் காலடிக்குக் கதவு தானாகத் திறக்கும்.

5

இந்த முறை விழுந்ததற்கும் நானேதான் காரணம். தோணிக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருந்தார்கள். இரண்டாவது பலகையும் போடட்டும், நில்லுங்கள் என்று கூலியாட்கள் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நின்றேனா? அதே தொடை, அதே இடம்.

டாக்டர் துரை தடவிப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். அவர் சொன்னதை எனக்குச் சொன்னவர் டிரெஸ்ஸர் கேசவன். மலையாளத்துக்காரர், புண் கட்டுகிறவர். என் ஒட்டு மலையாளத்தைக் கேட்டு அவருக்கு முதல் நாளே என்மேல் பிரியம் வந்துவிட்டது.

"பழைய ஒட்டிலேதான் மறுபடி முறிஞ்சிருக்கு. துரை என்ன சொல்லுன்னு தெரியுமோ? எடை கட்டி இழுத்து வச்சா, பத்து வாரம் அனங்காமல் கிடந்தால், காலு பழைய நீளத்துக்கு வரும். வலது காலு போல." ஒரு விரலை உயர்த்தினார். "அனங்கினால் ஒண்ணும் இல்லா. இப்போ உள்ளதைவிட மோசமாகும். பின்னே தடி இல்லாமல் நடப்பில்லா."

'அனங்கருது' என்பது அவர் எனக்கு வைத்த பெயராகவே ஆகிவிட்டது. அசையாதே என்று அர்த்தம். காலையில் வரும்போதே வாசலில் நின்று "அனங்கருது, சுகமல்லே?" என்பார், சுகம்தானே என்று.

பத்து வாரத்தில் கிடைப்பது என்ன என்று எனக்குத் தெரியும். வீரபாண்டியில் நான் தொலைத்த இரண்டு விரற்கடை. அது இன்னொரு தடவை என் கட்டிலடியில் வந்து நிற்கிறது. கப்பலும் நிற்கிறது. இரண்டும் ஒரே சித்திரையில்.

6

வியாழக்கிழமை மத்தியானம் வெள்ளையம்மாள் சோறும் சுண்டவற்றல் குழம்பும் கொண்டுவந்தாள். பின்னாலேயே பேச்சி. டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். விபத்துக்கு முன்பே கட்டியது, இன்னும் அவிழ்க்கவில்லை. மூன்று நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சை எடுத்தேன்.

"நாளைக் காலையில ரெண்டு ஆளக் கூட்டிட்டு வா. தூக்கி ரிக்‌ஷாவுல வச்சிட்டா, கப்பல்ல போய்ப் படுத்துக்கிறேன். அங்கனயும் படுக்கைதான, இங்கனயும் படுக்கைதான."

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "டாக்டர் தொரை என்ன சொன்னாக?"

"அவுக ஆயிரம் சொல்வாக."

"ஆயிரமெல்லாம் சொல்லல. பத்து வாரம்னு ஒண்ணுதான் சொன்னாக."

"நான் எனக்காகவா சொல்றேன்? ஒங்கய்யாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருதுன்னு காகிதம் வந்துச்சுல்ல. இந்த வருசம் போகாட்டி, அவரு ஒன்னையப் பாக்க முடியுமோ முடியாதோ. ஒனக்காகத்தான்."

பிசைந்த கை நின்றது.

"எனக்காகவா," என்றாள். "அன்னிக்கு ஆத்தாளுக்காகன்னீக."

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றுமில்லை, ஒரு தென்னை ஓலை ஆடிக்கொண்டிருந்தது. அவள் உருண்டையை என் வாயில் வைத்தாள். கோபமாக இருந்தாலும் சோறு ஊட்டுகிறபோது அவள் கை பதமாகத்தான் இருக்கும்.

"நானும் ஒண்ணு நேந்துக்கிட்டேன். ஒங்களுக்குத் தெரியாது."

"எப்ப?"

"நீங்க அருவாள எடுத்தீகள்ல, அதுக்கு மொத நாளு. ஒங்க காலு நேரா நிக்கிற அன்னிக்கு நானும் தீச்சட்டி எடுக்கேன்னு."

"எந்தச் சித்திரைக்குன்னு நேந்த?"

"நாளு ஒண்ணும் சொல்லல. ஆத்தாளுக்குத் தெரியாதா, எப்பன்னு?"

பதின்மூன்று வருஷம். ஒரே வீடு, ஒரே பாய். ஒவ்வொரு வருஷமும் செருப்புக்குத் தோல் வைத்துத் தைத்த அதே கை. ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னா ஒங்க காலக் குத்திக் காட்டுற மாதிரி இருக்கும்ல." முந்தானையால் என் மோவாயைத் துடைத்தாள். "இப்பக் கட்ட அவுத்துட்டு நொண்டிக்கிட்டே வீரபாண்டிக்கு வந்தீகன்னா, நீங்க வேணா திருவிழாப் பாக்கலாம். நான் ஆத்துக்கரையில வெறுங்கையோட நின்னுட்டுத்தான் திரும்பணும். எனக்காகன்னு சொன்னீகள்ல, அதான் சொல்றேன்."

"அப்ப ஒங்கய்யா?"

தூக்குச்சட்டியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி திறந்து மூடினாள். "எங்கய்யாவ ஆத்தா பாத்துக்கிறட்டும்," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பேச்சி அவள் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் காதுப்பக்கம் குனிந்து, "சாபார், அப்பா," என்றாள்.

கிளம்பும்போது வெள்ளையம்மாள் கட்டிலுக்கு அடியில் குனிந்து கைத்தடியை எடுத்தாள். "படுத்துக் கெடக்கிறவுகளுக்கு இது எதுக்கு இங்கன?" அதை ஊன்றிக்கொண்டே, என்னைப் போலவே விந்தி விந்தி நடந்து காட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துப் புரையேறிவிட்டார்.

7

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கப்பல் ஊதியது. மூன்று தடவை. துறைமுகம் இங்கிருந்து தூரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கேசவன் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு வந்து என் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடக்கூடியது அந்தக் கால்தானே. மூன்றாவது ஊதல் முடிகிற வரை அவர் பிடியை விடவில்லை.

சாயங்காலம் வெள்ளையம்மாள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு புதுப் போர்வை. அவள் அய்யாவுக்கென்று வாங்கிப் பெட்டியின் மேலடுக்கில் வைத்திருந்தது. அதை உதறி என்மேல் போர்த்தினாள்.

"விடியக்காலம் குளுருதுன்னீகள்ல. அவுகளுக்கு அடுத்த வருசம் வேற வாங்கிக்கிறலாம்."

அடுத்த வருசம் என்று அவள் சொன்ன விதத்தில் நாளும் இல்லை, நிச்சயமும் இல்லை. ஆனாலும் சொன்னாள்.

இதற்குப் பிறகுதான் நான் உண்மையில் படுத்தேன் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஐந்து வாரம் கிடந்தது எழுந்து ஓடத் தயாராகக் கிடந்தது. உடம்பு மெத்தையில் இருந்தது, மனசு படியில் நின்றது. இப்போது மனசையும் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்தேன். சொன்ன பேச்சு கேட்காத மாடு அது, முதலில் திமிறியது. கருப்பாயி கேட்டதை நினைத்தேன், அசை போட ஒன்றுமே இல்லையா என்று. இருந்தது. மலைப்பாதை முழுவதும் இருந்தது. நடந்த காலத்தில் நான் பார்க்காமல் ஓடிய ஒவ்வொரு வளைவையும், ஒரு நாளைக்கு ஒன்று என்று, படுத்துக்கொண்டே ஏறினேன். கூடலூருக்கு மேலே ஒரு சுனை உண்டு. அதில் எத்தனையோ தடவை தண்ணீர் குடித்திருக்கிறேன். அதன் கரையில் ஓரிதழ்த் தாமரை பூத்திருக்கும் என்பது இங்கே, பினாங்கில், ஆறாவது வாரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

8

சித்திரைக் கடைசிச் செவ்வாய். நீங்கள் எல்லாரும் ஆற்றில். நான் கமலையில்.

இன்று எதுவும் எழுதவில்லை. எழுதினால் எழுந்துவிடுவேன்.

9

பத்தாவது வாரம் துரை வந்து, நாடாவை இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை பிடித்து, ஒரு கால், மறு கால் என்று அளந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கேசவன் முகத்தைப் பார்த்தேன். கேசவன் கட்டைவிரலின் நகத்தைக் காட்டினார். அந்த நகத்தளவுதான் குறை.

மணல் மூட்டையை அவிழ்த்தபோது கால் தானாக மேலே மிதப்பது போல இருந்தது. அதே நாளில் ஊரிலிருந்து காகிதம். மாமனார் சொல்லச் சொல்ல மைத்துனன் எழுதியது. வெள்ளையம்மாளுக்கு நான் வாசித்துக் காட்டினேன்.

'நீ வராததுல எனக்கு வருத்தம் இல்லாம இல்ல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் எங்கயும் ஓடிறல. ஓடுறவன் ஒன் புருசன்தான். கண்ணு போனா என்ன, நீ வந்து பேசுனா எனக்குப் போதும். கொரலுக்கு இன்னும் காது இருக்கு. மாப்பிளகிட்டச் சொல்லு. மலையில பெரிய அணை கட்டுறாக, நம்மூர்ல பாதிப் பேரு அங்கனதான். மொதல்ல போட்டதச் சுண்ணாம்பு எறுகிறதுக்குள்ள வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அம்புட்டு வேலையும் போச்சு. தொரைமாரு ஒக்காந்து அழுகல, மறுபடி போட்டாக. போட்டுட்டு இந்தத் தடவ பொறுத்து நிக்கிறாக. அவ்வளவுதான் சேதி.'

வெள்ளையம்மாள் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். 'எங்கயும் ஓடிறல' என்ற இடத்தில் மட்டும் மூன்று தடவை.

10

கட்டிலை விட்டு இறங்கினால் நடந்துவிடலாம் என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இறங்கிய பிறகுதான் பொறுமை ஆரம்பிக்கிறது. இரண்டு கட்டை ஊன்றி ஆறு வாரம். பிறகு கைத்தடி. அதை வெள்ளையம்மாள் அளந்து அளந்துதான் தந்தாள். முதல் நாள் பழைய பழக்கத்தில் உயரச் செருப்பைப் போட்டேன். உடம்பு இப்போது மறுபக்கம் சாய்ந்தது. அந்தச் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள். தூக்கிப் போடவும் இல்லை, கழுவி வைக்கவும் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று யார் கண்டார்கள்.

தடி இல்லாமல் எப்போது நடக்கலாம் என்று கேட்டேன். துரை விரல் விட்டு எண்ணி ஒரு தேதி சொன்னார். வீட்டுக்கு வந்து நம் மாதத்துக்குப் பார்த்தேன். ஆடி ஒன்று. பழனிசெட்டிபட்டிக்காரி சொன்ன கணக்கேதான். கருப்பாயி இருந்தால் யாராவது போய்ச் சொல்லுங்கள்.

ஆடி ஒன்று வரை காத்திருந்தேன். ஒரு நாள்கூட முந்தவில்லை.

அன்று காலையில் அடுத்த சித்திரைக் கப்பலுக்கு எழுதிவைக்கக் குடியேற்ற ஆபீசுக்குத் தடியோடு போனேன். அங்கே குமாஸ்தா என் பழைய காகிதத்தை எடுத்துப் படித்தார். தடியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "நட," என்றார். நடந்தேன். "திரும்பி நட." நடந்தேன். மூன்றாவது தடவையும் நடந்த பிறகு, "இதில் இருக்கிற ஆள் விந்துகிறவர். நீ விந்தவில்லையே," என்றார். நான் விளக்கினேன். இன்னொரு குமாஸ்தாவைக் கூப்பிட்டார், அவருக்கும் நடந்து காட்டினேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். கடைசியில் பழைய வரியை மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார். 'அடையாளம் ஒன்றுமில்லை.'

அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தடியை ஆபீஸ் சுவரிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பது கீழே படிக்கட்டில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

மேலே குழம்பு கொதிக்கிற வாசம். பேச்சி ஏதோ மலாய்ப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். பதினாறு படி. கைப்பிடியை லேசாகத் தொட்டபடி ஏறினேன். ஓடவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்று ஏறினேன். என் காலடிச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. கனமும் லேசும் இல்லாமல், ஒன்றைப் போலவே ஒன்று.

பன்னிரண்டாவது படியில் முனகல் நின்றது. கதவு திறக்கவில்லை.

"சியாப்பா?" என்றாள் என் மகள், உள்ளே இருந்து.

அடுத்த படியில் கால் வைத்தேன். அதற்குள் அடுப்படி ஜன்னல் வழியாக வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"பேச்சி," என்றாள் மெதுவாக, "கதவத் தொற. அது ஒங்கப்பாடி."